பூதலிங்கம் சாரின் சாட்சிகள்

எங்க வீட்டுக்காரர் பேரு பூதலிங்கம். பூதப்பாண்டியில பிறந்தவருக்கு வேற என்ன பேரு வைப்பாங்க? ஆனா திருவனந்தபுரத்துல அந்தப் பேரைச் சொல்லி விசாரிச்சா பாதிப் பேருக்குத் தெரியாது. பழவங்காடியில ஒரு சைக்கிள் கடைக்கு மேல மாடியில டுட்டோரியல் காலேஜ் ஒண்ணு நடந்தது. பெரிய காலேஜுல இடம் கிடைக்காதவன், ஒரு தடவை தோத்தவன், தோத்துத் தோத்து மீசை முளைச்சவன், எல்லாரும் அங்கதான் வந்து சேருவாங்க. சார் அங்க இங்கிலீஷும் சரித்திரமும் எடுத்தார். அந்தப் பசங்க வச்ச பேரு 'ஆரு பறஞ்ஞு சார்'. 'யார் சொன்னா'ங்கிறதைத்தான் மலையாளத்துல அப்படிக் கேப்பாங்க. அந்தப் பேரைச் சொன்னா ஆட்டோக்காரன் நேரா எங்க வாசல்ல கொண்டுவந்து விட்டுடுவான்.

பேரு வந்த காரணம் இதுதான். பரீட்சையில ஒரு வாதக் கட்டுரை வரும். பட்டணம் நல்லதா கிராமம் நல்லதா, கூட்டுக் குடும்பம் வேணுமா வேண்டாமா, இப்படி ஏதாவது. பசங்க இங்கிலீஷ்ல 'எல்லோருக்கும் தெரிந்தபடி'ன்னு ஆரம்பிப்பாங்க. சார் அதைச் சுத்தி சிவப்பு மையில ஒரு வட்டம் போட்டு, பக்கத்துல எழுதுவார்: 'யார் அந்த எல்லோரும்? அதில் ஒருவன் பெயர் சொல்.' ஒருத்தன் 'விஞ்ஞானிகள் கூறுகிறார்கள்'னு எழுதிட்டான். 'எந்த விஞ்ஞானி, எங்கே கூறினார், நீ கேட்டாயா, அல்லது கைடில் படித்தாயா?' பையன் எழுதினதைவிட இவர் எழுதினது அதிகமா இருக்கும். எனக்குத் தமிழ்ல சொல்லிக் காட்டுவார், நான் சிரிப்பேன். 'பரீட்சை எழுதினது அவனா நீங்களா'ன்னு கேப்பேன்.

நானும் அவரை சார்னுதான் சொல்வேன். முதல்ல கிண்டலுக்குச் சொன்னது, அப்புறம் அதுவே நிலைச்சுப்போச்சு. பெண் பாக்க வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எங்க அப்பா வழக்கம்போல, 'மங்கலம் நல்லா சமைப்பா'ன்னு சொன்னார். எல்லா அப்பனும் சொல்றதுதானே? இவர் கேட்டார்: 'நீங்க சாப்பிட்டுச் சொல்றீங்களா, இல்ல அவ அம்மா சொன்னதைச் சொல்றீங்களா?' எங்க அம்மா உள்ளேயிருந்து, 'இந்த மாப்பிள்ளைக்கு என்னவாக்கும் கேடு?'ன்னு மெதுவாக் கேட்டா. எனக்கு ஏனோ பிடிச்சுப்போச்சு. தலையெழுத்துன்னு வையுங்களேன்.

கல்யாணமாகி எழுபத்திரெண்டுல நான் இங்க வந்தேன். வலியசாலை அக்ரஹாரத்துக்குப் பின்னாடி ஒரு சந்துல வாடகை வீடு. சந்து கீழே இறங்கி ஆத்தங்கரையில முடியும். அங்க வரிசையாக் குடிசைகள். எல்லாம் நம்ம திருநெல்வேலிச் சீமை ஆட்கள். கொத்தனார், கல் சுமக்கிறவங்க, சாந்து கலக்கிறவங்க. கரையில ஒரு சுடலைமாடன் பீடம் இருந்தது, அதனால மாடன்கரைன்னு பேரு. சுடலைமாடத்தின்னு ஒருத்தி, சித்தாள் வேலைக்காரி, ஞாயித்துக்கிழமை எனக்கு மாவாட்டித் தர வருவா. என்னைவிட மூத்தவதான், ஆனா 'யம்மா'ன்னுதான் கூப்பிடுவா. ஊர்க்கதை, சம்மந்தக்கதை, மேஸ்திரி கதை எல்லாம் ஆட்டுக்கல் சுத்தச் சுத்த வரும்.

எழுபத்தெட்டுல மாடன்கரைக்குச் சனியன் பிடிச்சது. அந்த இடத்துல ஒரு கிடங்கு கட்டப்போறதா ஒரு டிப்பார்ட்மென்ட்லயிருந்து வந்து கல் நட்டுட்டுப் போனாங்க. எழுபதாம் வருஷத்துக்கு முன்னாலயிருந்து அங்க குடியிருக்கிறவங்கன்னா பட்டா உண்டு, பின்னால வந்தவங்கன்னா இறங்க வேண்டியதுதான்னு ஒரு உத்தரவு. மாடன்கரைக்காரங்க அதுக்கெல்லாம் முன்னாலயே வந்தவங்க. ஆனா கையில ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ரேஷன் கார்டெல்லாம் ஊர்ல, அப்பன் பேர்ல, அண்ணன் பேர்ல. குடிசைக்கு எவன் வரி ரசீது தருவான்?

அவங்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் வன்னியபெருமாள் கொத்தனார். அவர் வந்து சார்கிட்ட நின்னார். 'சார், நீங்க ஒரு மனு எழுதித் தரணும். வக்கீலுக்குக் குடுக்க எங்ககிட்ட இல்ல. நீங்க எழுதினா மறுபேச்சு இருக்காதுன்னு சொல்லுதாவ.'

'யார் சொல்றாங்க?'ன்னு சார் கேட்டார்.

கொத்தனார் முழிச்சார். நான் உள்ளேயிருந்து, 'ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, எழுதிக் குடுங்கோ'ன்னு சத்தம் போட்டேன்.

சாருக்கு உள்ளூர சந்தோஷம். இத்தனை வருஷம் கூட்டுக் குடும்பம் வேணுமா வேண்டாமான்னு எழுதவச்ச மனுஷன். இப்ப ஒரு நிஜமான வாதம். ஜெயிச்சா ஒரு கரைக்கே வீடு. ஒரு நாள் காலம்பற கிளம்பி ஆத்தங்கரைக்குப் போனார். நானும் வேடிக்கை பாக்கப் போனேன்.

என்ன கூத்து! ஆளாளுக்குக் கத்துறாங்க. 'முப்பது வருஷம் சார்.' 'எங்க பாட்டன் காலத்துலருந்து சார்.' லிங்கம்னு ஒரு பையன், மீசைகூட சரியா இல்லை, அவனும் முப்பதுன்னான். கொத்தனாரே, 'ஏலே, பொறக்கதுக்கு முன்னாலயே நடந்து வந்தியாக்கும்?'னு ஒரு அதட்டுப் போட்டார். அவங்க மேல தப்பு சொல்லமாட்டேன். கூடச் சொன்னாத்தான் பாதியாவது கிடைக்கும்னு வாழ்நாள் பூரா படிச்ச பாடம். மேஸ்திரிகிட்ட அஞ்சு கேட்டாத்தான் ரெண்டாவது வரும்.

அடுத்த வாரம் கொத்தனார் ஒரு நோட்டீசைக் கொண்டுவந்தார். மாடன்கரை சுடலைமாடசுவாமி கொடைவிழா, வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு. பழுப்பு நிறம், ஓரமெல்லாம் மடிஞ்சு போயிருந்தது. எனக்குப் பாத்தவுடனே கும்பிடணும் போல இருந்தது. பட்டா கைக்கு வந்த மாதிரிதானே! சார் அதை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார், மூக்குகிட்ட கொண்டுபோனார், கடைசி வரியில விரலை வச்சார்.

'கொத்தனாரே, திருவனந்தபுரம்னு போட்டு இந்த ஆறு நம்பர் என்ன?'

'அது பின்கோடு சார். தபாலுக்குப் போடுவாவல்லா?'

'பின்கோடு வந்ததே எழுபத்திரெண்டுல. மாடசாமிக்கு மட்டும் ஆறு வருஷம் முன்னாலயே குடுத்துட்டாங்களா?'

கொத்தனார் முகம் செத்துப்போச்சு. சாலைக்கடைப் பக்கம் ஒரு பிரஸ்ல புதுசா அடிச்சு, சாயாத் தண்ணியில முக்கி, வெயில்ல காயவச்சிருக்காங்க. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்னு சும்மாவா சொன்னாங்க? எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்தது. சாருக்குச் சிரிப்பு வரலை. ஒரு பொய் ஆபீசர் கையில சிக்கினா மிச்சம் இருக்கிற நூறு நிஜமும் போச்சுன்னு கத்தினார். அது சரிதான். அதுவரைக்கும் சரிதான்.

அதுக்கப்புறம் செஞ்சதுதான் வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதை. பொய்யைத் தடுக்க இவருக்கு ஒரு யோசனை வந்தது. மாடன் பீடத்து முன்னால எல்லாரும் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணணும்னுட்டார். நம்ம பக்கத்துல அதுக்கு மேல ஒரு சத்தியம் கிடையாது. எரியிற கற்பூரத்தைக் கையால அடிச்சு அணைச்சுட்டு வாக்குத் தவறினா, வம்சம் அதே மாதிரி அணைஞ்சுபோகும்னு நம்பிக்கை. சத்திய வாசகத்தையும் இவரே எழுதினார்: 'என் கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதுவும் சொல்லமாட்டேன்.' எழுதிட்டு எனக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினார். வாக்கியம் அவ்வளவு பிடிச்சுப்போச்சு.

'கேட்டேளா, சாமி காரியத்துல விளையாடாதீங்கோ. உங்களுக்கு மாடன் மேல நம்பிக்கை கிடையாது. அவங்களுக்கு உண்டு'ன்னு சொன்னேன்.

'அதனாலதானே சத்தியம் வாங்குறேன்.'

'உங்க டுட்டோரியல் பசங்க மாதிரி இல்ல அவங்க. நீங்க ஒண்ணு சொன்னா அதை அப்படியே பிடிச்சுக்குவாங்க. எழுத்துக்கு எழுத்து.'

'நல்லதுதானே மங்கலம்'னார். இந்த மனுஷனுக்கு எல்லாமே நல்லதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லாரும் குளிச்சிட்டு வந்து, ஈரத் துணியோட நின்னு, ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தரா அணைச்சாங்க. மாடத்தி அணைக்கும்போது கை பொசுங்கிச்சு. அவ கையை உதறக்கூட இல்லை.

சும்மா சொல்லப்படாது, அதுக்கப்புறம் சார் பண்ணின வேலை வேலைதான். மாடத்தி எங்க வீட்டு ஆட்டுக்கல்லுல உக்காந்து ஒரு நாள் சொன்னா, பாளையம் போற வழியில நாலு மாடிக் கட்டிடம் ஒண்ணு இருக்கே, அதுக்கு வானம், அதான் அஸ்திவாரப் பள்ளம், தோண்டுறப்ப உலகம்மை அவ வயித்துல இருந்தாளாம். உலகம்மை அவ மூத்த மக. அப்பவே இந்தக் கரையிலதான் குடிசை, இங்கருந்துதான் வேலைக்கு நடந்து போனோம்னா. சார் உள்ளேயிருந்து பேனாவோட ஓடிவந்தார். மறுநாளே போய் அந்தக் கட்டிடத்துச் சுவர்ல பதிச்ச கல்லைப் பாத்துட்டு வந்தார். அடிக்கல் நாட்டினது அறுபத்தாறு. கல்லுக்கு மாடத்தியைத் தெரியாது, மாடத்திக்கு எழுத்துத் தெரியாது. ஒருத்தரையொருத்தர் தெரியாத ரெண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னா அதுக்குத்தான் பலம்னு சார் அடிக்கடி சொல்வார். அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுல ரசத்தைப் பாயசம்னு சொன்னாக்கூடக் குடிச்சிருப்பார். அந்தக் கட்டிட வேலைக்கு சூப்பர்வைசரா இருந்தவரைத் தேடினார். அவர் அபுதாபிக்குப் போயிட்டாராம். கடிதம் போட்டார், பதில் வரலை.

எதிர்ப்பக்கத்துலயும் ஒரு சாட்சி இருந்தது. ரிட்டயரான ஒரு ஹெட்மாஸ்டர், ஆத்துக்கு அக்கரையில வீடு, வெள்ளை வேட்டி, ஊர்ல மரியாதை. எழுபதுக்கு முன்னால அந்தக் கரையில வெறும் கைதைப் புதர்தான், அதான் தாழம்புதர், இருந்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சார் விடுவாரா? விசாரிச்சு, அந்த வருஷங்கள்ல அவர் புனலூர்ப் பக்கம் ஒரு ஸ்கூல்ல வேலை பாத்தார்னு கண்டுபிடிச்சு, பஸ் ஏறிப் போய் அங்க சுவர்ல மாட்டியிருந்த ஸ்டாஃப் போட்டோவைப் பாத்துட்டு வந்தார். அறுபத்தாறு, அறுபத்தேழு, அறுபத்தெட்டு, எல்லாத்துலயும் ஹெட்மாஸ்டர் நடுவுல உக்காந்திருக்கார். இங்க புதரைப் பாத்தது யாரு?

மனுவுல இதுக்குன்னு ஒரு பாரா. 'ஒருவர் எவ்வளவு மதிப்புக்குரியவராயினும், தம் கண்ணால் காணாததைப் பிறர் சொல்லக் கேட்டு உரைப்பாராயின், அவரை இந்த விசாரணை சாட்சியாகக் கொள்ளலாகாது.' இங்கிலீஷ்ல எழுதினதை எனக்காகத் தமிழ்ல சொன்னார். கோர்ட்டுல ஜட்ஜே எழுதின மாதிரி இருந்தது. 'இதுதான் ஆணி. இதுல ஹெட்மாஸ்டர் தொங்குவார்'னார்.

விசாரணை ஆத்தங்கரையிலேயே நடந்தது. ஆபீசருக்கு உக்கார எங்க வீட்டு நாற்காலியைத்தான் தூக்கிட்டுப் போனாங்க. ஒல்லியா, குடையும் ஃபைலுமா ஒரு மனுஷன். இளநீர் வெட்டிக் குடுத்தா வேண்டாம்னுட்டார். விசாரணை முடியற வரைக்கும் பச்சைத் தண்ணிகூட இவங்க கையால வாங்கிக் குடிக்கமாட்டேன், தப்பாப் பேசுவாங்கன்னு மலையாளத்துல சொன்னார். தமிழ் நல்லாப் புரியும், பேசுறதுதான் மலையாளம். எனக்கு அவரைப் பாத்ததும் ஒரு தைரியம் வந்தது. நியாயஸ்தன்கிட்டதான் வந்து மாட்டியிருக்கோம்னு நினைச்சேன். மாட்டினதென்னவோ உண்மைதான்.

முதல்ல ஹெட்மாஸ்டர். சார் மனுவைக் காட்டினார், போட்டோ விஷயத்தைச் சொன்னார். ஆபீசர் ஹெட்மாஸ்டர்கிட்ட நேராக் கேட்டார்: 'நீங்க கண்டதா, கேட்டதா?' அவர் தொண்டையைச் செருமிக்கிட்டு, லீவுல வரும்போது தம்பி சொன்னதுன்னார். ஆபீசர் அந்தக் காகிதத்து மேல குறுக்க ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான், தீர்ந்தது! கரை பூரா ஒரு மூச்சு விட்டது. சார் திரும்பி என்னைப் பாத்தார். கல்யாணத்தன்னிக்குக்கூட அந்த முகத்துல அவ்வளவு சந்தோஷத்தை நான் பாத்ததில்லை.

அப்புறம் நம்ம ஆட்கள்.

லிங்கம் முதல்ல போனான். 'பேரு?' சொன்னான். 'அச்சன் பேரு?' பையன் வாயைத் திறந்தான், மூடினான், மாடன் பீடத்தைப் பாத்தான்.

'தெரியாதுய்யா. நான் வயித்துல கிடக்கும்போதே செத்துட்டாரு. அம்ம சொல்லித்தான் கேள்வி. நான் கண்ணால பாக்கல.'

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. ஆபீசர்கூடச் சிரிச்சார். நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிக்கும்போதே அந்தச் சத்திய வாசகம் ஞாபகம் வந்தது. சாரைப் பாத்தேன். அவர் சிரிக்கலை.

வன்னியபெருமாள் கொத்தனார் போனார். 'எந்த வருஷம் வந்தீங்க?'

'வந்தது வந்தேன்யா. இங்கதான் கிடந்தேன், இங்கதான் கட்டினேன், இங்கதான் ரெண்டு பிள்ளயப் பறிகுடுத்தேன். அதெல்லாம் பாத்தேன். வருஷம் இன்னதுன்னு மத்தவங்க சொல்லுததுதான். வருஷத்தக் கண்ணால பாக்க முடியுமாய்யா?'

யாரும் சிரிக்கலை. ஆபீசர் எழுதிக்கிட்டார்.

பொய் நோட்டீசைச் சாயாவுல முக்கின அதே கொத்தனார். ஒரு வருஷத்தைச் சொல்றதுல இவருக்கு என்ன கஷ்டம்? கற்பூரத்துக்கு முன்னால கேட்டிருந்தா ஒண்ணுக்கு ஒன்பது வருஷமாச் சொல்லியிருப்பார். 'சொல்லித் தொலையேன் மனுஷா'ன்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் சொல்லலாம்னா நான் வந்ததே எழுபத்திரெண்டுல. சார் வந்தது அதுக்கு ஒரு வருஷம் முன்னால. எங்க சாட்சிக்கு ஈரவெங்காய மதிப்புக்கூடக் கிடையாது.

இனி மாடத்திதான். அவளுக்குக் கல் இருக்கு. கட்டிடம் இருக்கு. மக இருக்கா. ஆபீசரே நல்ல மனசோட எடுத்துக் குடுக்கிற மாதிரிதான் கேட்டார். 'பாளையத்துப் பக்கம் அந்த நாலு மாடிக் கட்டிடத்துல வேலை பாத்தது நீங்கதானே?'

'ஆமாய்யா, மண்ணு சுமந்தேன்.'

'அப்ப குடியிருந்தது?'

'இந்தக் கரையிலதான். அந்தா, அந்த வாதுமை மரத்தடியில.'

ஆபீசர் எழுதிக்கிட்டே, சும்மா ஒரு வழக்கத்துக்குக் கேட்கிற மாதிரி கேட்டார்: 'அந்தக் கட்டிடம்தான்னு நல்லாத் தெரியுமே?'

மாடத்தி யோசிச்சா. நல்லா நேர்மையா யோசிச்சா, பாவி.

'ஐயா, நான் பாத்தது பள்ளமாக்கும். நாங்க தோண்டிக் குடுத்ததும் எங்களை வேற வேலைக்கு அனுப்பிட்டாவ. கட்டிடம் எழும்பினத நான் பாக்கல. அதுக்கப்புறம் அங்கன போனா வாச்மேன் உள்ள விட மாட்டான். அந்தப் பள்ளத்து மேலதான் இந்தக் கட்டிடம் நிக்குன்னு சொல்லுதாவ. நான் கண்ணால பாத்தேன்னு எப்படிச் சொல்ல?'

சார் பாய்ஞ்சு முன்னால போனார். 'சார், இது ஒரு வாதமா? அந்த ரோட்டுல வேற என்ன பள்ளம் இருந்தது? பள்ளத்துல கட்டிடம் வராம குளமா வரும்? எல்லா அறிவும் கண்ணால பாத்துத்தான் வருதா? நம்ம பிறந்த தேதிகூட நமக்கு யாரோ சொன்னதுதானே? சொன்னவங்க யாரு, அவங்களுக்குத் தெரிய வாய்ப்பிருந்ததா, பொய் சொல்லக் காரணம் உண்டான்னு பாத்து எடுத்துக்கணும். வெறுமனே...'

ஏழு வருஷமா டுட்டோரியல்ல சொல்லிக் குடுத்த பாடம் பூராவும் அவர் வாயிலருந்து அப்பத்தான் முழுசா வந்தது. அதைச் சத்தியத்துல எழுதலை, மனுவுலயும் எழுதலை. எழுதினது ஒரே ஒரு வரி. அழகா இருந்த வரி.

ஆபீசர் அவரைப் பேசவிட்டார். அப்புறம் மனுவைத் திருப்பி, அந்த வரியைச் சத்தமா வாசிச்சார். 'கண்ணால் காணாததைப் பிறர் சொல்லக் கேட்டு உரைப்பாராயின்.' வாசிச்சுட்டு சாரைப் பாத்துக் கேட்டார்: 'இது மாஷ் எழுதினதல்லே? நான் இதைச் சம்மதிச்சுத்தானே ஹெட்மாஸ்டரைத் தள்ளினேன்? அவருக்கு ஒரு நியாயம், இவங்களுக்கு ஒரு நியாயமா?'

சார், ஆனை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்ட மாதிரி நின்னார்.

உத்தரவு மழைக்கு முன்னாலயே வந்துடுச்சு. சார் அதை எனக்குப் படிச்சுக் காட்டலை, நான்தான் அவர் சட்டைப் பையிலருந்து எடுத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுப் படிக்கச் சொன்னேன். இங்கிலீஷ்ல இருந்தது. ஹெட்மாஸ்டர் சொன்னதை ஏத்துக்கலை, அதுக்குக் காரணம் பூதலிங்கம் பி.ஏ.வோட மனுன்னு மரியாதையா எழுதியிருந்தார். அடுத்தது: இந்தக் கரையில வசிக்கிறவர்கள் தெய்வத்தின் முன் ஆணையிட்டு வந்தவர்கள், லாபத்துக்காக ஒரு சொல் கூட்டிச் சொல்லாதவர்கள், என் சர்வீசில் இப்படிப்பட்ட சாட்சிகளைக் கண்டதில்லை. எழுபதுக்கு முன்பு வந்தோமா என்பது தங்களுக்குத் தெரியாது என்று அவர்களே சொல்கிறார்கள். அவர்கள் சொல்லை முழுமையாக நம்புகிறேன்.

நம்பிட்டாராம்! ஒரு அயோக்கியன் வந்திருந்தா அவனைச் சபிச்சாவது ஆத்திரத்தைத் தீர்த்திருப்பேன். ஒரு நல்லவன், ஒரு படிச்சவன், ஒரு கரை நிறைய சத்தியவான்கள். எல்லாரும் சேர்ந்து குடிசையைப் பிடுங்கிட்டாங்க.

அன்னிக்கு நான் சாரை விட்டுவைக்கலை. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்னு பழமொழியே இருக்கு. எழுத்து தெரியாத பாட்டிமாரெல்லாம் சொல்றது. அதுல முதல் பாதியைக்கூட உங்களுக்கு யாரும் சொல்லித்தரலையா?'ன்னு கத்தினேன். பதிலுக்கு அவர் ஒரு வார்த்தை கோபமாச் சொல்லியிருந்தாத் தேவலை. 'அவங்க இப்படி எடுத்துக்குவாங்கன்னு நினைக்கலை மங்கலம்'னார். 'நான்தான் சொன்னேனே'ன்னேன். 'சொன்னே'ன்னார். அதோட படுத்துக்கிட்டார்.

அப்பீல் எழுதினார். மேல இருக்கிற ஆபீசருக்கு, அவருக்கும் மேல இருக்கிறவருக்கு. புது ஆதாரம் உண்டான்னு ஒரே கேள்வி திரும்பித் திரும்பி வந்தது. புது ஆதாரத்துக்கு எங்க போக? அபுதாபிக்கு இன்னொரு கடிதம் போட்டார். கொத்தனாரைக் கூப்பிட்டு, சத்தியத்தை மாத்திக்கலாம், மாடன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வருஷத்தைச் சொல்லிடலாம்னு கெஞ்சினார். கொத்தனார் காதைப் பொத்திக்கிட்டார். 'அணைச்சது அணைச்சதுதான் சார். எனக்கு மிஞ்சி இருக்கது ஒரு பிள்ளயாக்கும்'னார்.

கடப்பாரையோட வந்தவங்க மத்தியானத்துக்குள்ள வேலையை முடிச்சிட்டாங்க. கொஞ்சம் பேர் ஊருக்கே திரும்பிட்டாங்க. மிச்சம் பேர் நேமம் தாண்டி ஒரு செங்கல் சூளைப் பக்கம் போய் ஒதுங்கினாங்க. கிடங்கு இன்னிக்கு வரைக்கும் கட்டலை. கைதைப் புதர் முளைச்சுக் கிடக்கு. இப்ப போய்ப் பாத்தா ஹெட்மாஸ்டர் சொன்னதுதான் நிஜம்னு தோணும்.

சார் டுட்டோரியலுக்குப் போறார், வர்றார். கட்டுரை நோட்டை இப்பவும் வீட்டுக்குக் கொண்டுவருவார். 'எல்லோருக்கும் தெரிந்தபடி'ன்னு எழுதியிருந்தா ஒரு டிக் போட்டுட்டு அடுத்த பக்கம் திருப்பிடுறார். பசங்களுக்குச் சந்தோஷம், மார்க் வருது. எதையாவது கேட்டா, 'கைடில் இருக்கிறதை எழுது, போதும்'ங்கிறார். அந்தப் பட்டப்பேரும் கொஞ்சங்கொஞ்சமா மறைஞ்சுபோச்சு. புதுசா வர்ற பசங்களுக்கு அவர் வெறும் பூதலிங்கம் சார்தான்.

மாடத்தி கடைசியா ஒரு தடவை வந்தா. குடிசை போன அடுத்த ஞாயிறு. நான் வேண்டாம்னு சொல்லியும் கேக்காம மாவாட்ட உக்காந்தா. எனக்கு அவ முகத்தைப் பாக்கவே கூச்சமா இருந்தது. திட்டுவா, அழுவா, நாம கேட்டுக்கணும்னு மனசைத் தயார் பண்ணி வச்சிருந்தேன். அவ திட்டலை. மாவை வழிச்சுக்கிட்டே, ஏதோ ஒரு நல்ல சேதி சொல்ற மாதிரி சொன்னா.

'யம்மா, அந்த ஆபீசரு நான் சொன்னத ஒரு வார்த்த விடாம நம்பிட்டாருல்லா? பாத்தியளா? காச்சல் அடிக்குன்னு சொன்னா மேஸ்திரி நம்ப மாட்டான். கூலி குறையுதுன்னு சொன்னா நம்ப மாட்டான். பிள்ள செத்துப்போச்சுன்னு சொன்னப்பகூட, லீவுக்குப் பொய் சொல்லுதியான்னுதான் கேட்டான். பொறந்ததுலருந்து ஒரு பெரிய மனுசன் என் பேச்ச நம்பினது அன்னிக்குத்தான். எல்லாம் சாராலதான். அவுககிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.'

சார் உள்ளறையிலதான் இருந்தார், கதவு திறந்துதான் கிடந்தது. நான் போய்ச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமப் போச்சு.